மலைப்பாதையும் மலிவு டயரும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு முறையேனும் சென்றவர்கள் அந்தப் பாதையை எளிதில் மறக்கமாட்டார்கள். தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் பின்தங்க, வண்டி மெல்ல மலையேறத் தொடங்குகிறது. வளைவுக்கு வளைவு காற்று குளிர்கிறது, காது அடைக்கிறது. டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி அருவி என ஒவ்வொன்றாகக் கடந்து, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ள ஊரை அடைகிறோம். ஏறும்போது நம் கவனமெல்லாம் எஞ்சின் மீது. இறங்கும்போது பிரேக்கின் மீது. ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டியைச் சாலையோடு பிணைத்து வைத்திருப்பது டயர். அதை நாம் நினைப்பதே இல்லை!

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து ஒரு சிறிய குடும்பக் காரின் எடை 1,100 கிலோ எனக் கொள்வோம். ஒவ்வொரு சக்கரமும் 275 கிலோவைத் தாங்குகிறது. டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால், அது தரையைத் தொடும் பரப்பு சுமார் 130 சதுர செண்டிமீட்டர்தான். அதாவது ஓர் உள்ளங்கை அளவு. நான்கு உள்ளங்கைகளை நம்பியே ஒரு குடும்பம் மலையிறங்குகிறது.

இன்னொரு கணக்கு. இதே கார் 1,700 மீட்டர் உயரம் இறங்கும்போது, அது இழக்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய ஐந்து யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அறுபது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். எஞ்சின், பிரேக், காற்றின் தடை, டயரின் உராய்வு ஆகிய யாவும் பகிர்ந்துகொண்டு இந்த ஆற்றலை வெப்பமாக மாற்றுகின்றன. பிரேக் எவ்வளவு நல்லதாயினும் அது சக்கரத்தைத்தான் நிறுத்தும். சக்கரம் நின்றபின் வண்டி நிற்க வேண்டுமானால் டயர் சாலையைப் பற்ற வேண்டும்.

டயர் தேய்ந்து மாற்ற வேண்டிய நாள் வரும்போது, நடுத்தரக் குடும்பத்தின் முன் ஒரு கேள்வி எழுகிறது. நான்கு டயர்களுக்கு ஆகும் தொகை சிறிதன்று. எனவே, "மலிவான டயர் எது?" என்று கேட்கிறோம். இது நியாயமான கேள்விதான். புதிய கேள்வியும் அன்று. பழனி மலையடிவாரத்தில் மோட்டார் வண்டிகள் ஓடத் தொடங்கிய காலம் முதல், வண்டி வைத்திருந்த ஒவ்வொருவரும் இதற்கு விடை தேடியிருக்கின்றனர். அவர்கள் கண்ட விடைகளின் வரலாற்றை அறிந்தால், நம் விடையும் தெளிவாகும்.

ஓர் ஆண்டு, இரு நிகழ்ச்சிகள்

1845-ஆம் ஆண்டு. கோடைவெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள், பழனி மலையின் மேல் முதல் வீடுகளைக் கட்டினர். இன்றைய கொடைக்கானல் அவ்வாறுதான் தோன்றியது. அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில் இலண்டனில், இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் 23 வயது ஸ்காட்லாந்து இளைஞர் ஒரு காப்புரிமை பெற்றார். காற்றடைத்த இரப்பர்க் குழாயைச் சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தும் முறைக்கான காப்புரிமை அது.

இவ்விரண்டுக்கும் அப்போது எவ்விதத் தொடர்பும் இல்லை. மலையேறியவர்கள் தாம்சனைப் பற்றி அறியார். தாம்சனும் பழனி மலையை அறியார். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்க ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.

அந்நாளில் சக்கரம் என்றால் மரச்சக்கரம். அதன் மேல் இரும்புப் பட்டா. கொல்லர் பட்டாவை நெருப்பில் பழுக்கக் காய்ச்சுவார். சூட்டில் விரிந்த பட்டாவைச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார். குளிர்ந்து சுருங்கும் பட்டா மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். வெப்பத்தால் உலோகம் விரிவடையும் என்ற பௌதிக விதியை நம் கொல்லர்கள் இவ்வாறு நாள்தோறும் பயன்படுத்தி வந்தனர். ஆங்கிலத்தில் 'டயர்' என்னும் சொல்லும் முதலில் இந்த இரும்புப் பட்டாவையே குறித்தது.

இரும்புப் பட்டா ஆண்டுக்கணக்கில் தேயாது. ஆனால் ஈரப் பாறையை அது பற்றாது. ஒவ்வொரு கல்லின் அதிர்ச்சியையும் அப்படியே மேலே அனுப்பும். மாட்டு வண்டி மலையடிவாரத்தோடு நின்றுவிட்டது. 1875-இல் இரயில் பாதை வந்ததும், பயணிகள் கொடை ரோடு நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை செல்வர். அதன்பின் மட்டக்குதிரையிலோ, கால்நடையாகவோ, மனிதர் சுமக்கும் டோலியிலோ ஏற வேண்டும். கொடைக்கானல் ஏரி 1863-இல் அமைக்கப்பட்டதும், சூரிய ஆய்வுக்கூடம் 1899-இல் செயற்படத் தொடங்கியதும் மோட்டார் பாதை வருமுன்னரே ஆகும். அம்மலையின் முதல் 'டயர்' மனிதனின் பாதமே எனலாம்.

இரப்பர் வயது வந்த கதை

மரத்திலிருந்து வடியும் பாலைக் காய்ச்சி எடுத்த இரப்பர், வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் உடையும். சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர், 1839-இல், கந்தகம் கலந்த இரப்பரைச் சூடாக்கினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். இரப்பர் மூலக்கூறுகள் நீண்ட நூலிழைகள் போன்றவை. கந்தகம் அவற்றுக்கிடையே பாலமிட்டு வலைபோல் பின்னிவிடுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் மீளும். பஞ்சர் ஒட்டும் கடைப் பலகைகளில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருப்பதைக் காண்கிறோமல்லவா? அது இதுவேயாகும். உலகுக்குப் பெருஞ்செல்வம் தந்த குட்இயர் 1860-இல் கடனாளியாகவே இறந்தார்.

தாம்சனின் காற்றுச் சக்கரம் குதிரை வண்டியில் நன்றாகவே ஓடியது. ஆனால் விலை அதிகம். மோட்டாரும் சைக்கிளும் பெருகாத காலம். எனவே உலகம் அதை மறந்தது. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த குழாய் பொருத்தினார். காப்புரிமையும் பெற்றார். தாம்சன் முன்னரே கண்டது தெரிந்தபின் அக்காப்புரிமை செல்லாமற்போயிற்று. ஆயினும் இம்முறை உலகம் மறக்கவில்லை. சைக்கிள் காலம் பிறந்துவிட்டது. 1895-இல் பிரான்சு நாட்டு மிஷெலின் சகோதரர்கள், பாரிஸ்–போர்தோ பந்தயத்தில் காற்றடைத்த டயர்களுடன் ஒரு மோட்டார் காரை ஓட்டினர். வழியெல்லாம் பஞ்சர்! ஆனாலும் பயணத்தை முடித்தனர். மோட்டார் காருக்கும் காற்று டயர் ஏற்றதே என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

தொடக்ககால டயர்கள் வெளிர் நிறத்தவை. இரப்பரோடு கரித்தூள் வகையைச் சேர்ந்த 'கார்பன் பிளாக்' கலந்தால் அது பலமடங்கு தேய்மானத்தைத் தாங்கும் என்பதை இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டனர். டயர் கறுப்பானது அழகுக்காக அன்று, ஆயுளுக்காக!

மூலப்பொருளும் நம் பக்கம் வந்து சேர்ந்தது. 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. கேரளத்தில் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் 1902-இல் வணிகத் தோட்டம் தொடங்கியது. இவ்வாறு, பழனி மலைக்கு மேற்கேயுள்ள மலைத்தொடரின் மேற்குச் சரிவில் இரப்பர் மரம் வேரூன்றியது.

அடிவாரத்தில் மோட்டார்

1912-இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கினார். லா என்னும் ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் 'லாஸ் காட்' என வழங்கும் கொடைக்கானல் மலைப்பாதை, 1910-களில் மோட்டார்ப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. 1920-இல் மலையின் வடக்கு அடிவாரத்தில், ஜி. டி. நாயுடு ஒரு மோட்டார் பஸ்ஸை வாங்கித் தாமே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். முருகனைக் காணக் காவடியோடு நடந்தவர்கள் இரப்பர்ச் சக்கரத்தின் மேல் அமரத் தொடங்கினர். அந்த ஒரு பஸ்ஸிலிருந்து வளர்ந்ததே அவருடைய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரும் நிறுவனம்.

அக்காலத்தில் டயர்கள் கடல் கடந்து வந்தவை. கல்கத்தாவுக்கு அருகே சாகாகஞ்சில் டன்லப் நிறுவனம் இந்தியாவின் முதல் டயர்த் தொழிற்சாலையைத் தொடங்கியது 1936-இல்தான். கப்பிச் சாலையும் கூரிய கற்களும் டயரை அரித்துத் தின்றன. பஸ் முதலாளிக்கு எரிபொருளுக்கு அடுத்த பெருஞ்செலவு டயரே. டயர் வாங்கிய விலையை மட்டும் பார்த்தவர்கள் நெடுநாள் தொழில் நடத்தமுடியாது. அது எத்தனை மைல் ஓடியது என்று கணக்கு எழுதினால்தான் உண்மை தெரியும். 'மலிவு' என்ற சொல்லின் பொருளைப் போக்குவரத்துத் தொழில் இவ்வாறு திருத்தி அமைத்தது: விலையை மைலால் வகுத்தால் வருவதே உண்மை விலை.

போர் கற்பித்த பாடம்

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலேயாவும் ஜாவாவும் சுமத்ராவும் ஜப்பான் வசமாயின. உலகின் இயற்கை இரப்பரில் மிகப் பெரும்பகுதி ஒரே அடியில் நேச நாடுகளின் கையைவிட்டுப் போயிற்று. அவர்களுக்கு எஞ்சிய முக்கியமான தோட்டங்கள் இலங்கையிலும் திருவாங்கூர்ப் பகுதியிலும் இருந்தன. அந்த இரப்பரும் போர்முனைக்கே முதலில் சென்றது. அமெரிக்காவில் டயர் தேய்வதைக் குறைப்பதற்காகவே மணிக்கு 35 மைல் என வேக வரம்பு விதித்தனர்.

நம் நாட்டிலும் பெட்ரோலுக்கும் டயருக்கும் பெருந்தட்டுப்பாடு. பெட்ரோலுக்கு மாற்றாகச் சுந்தரம் ஐயங்கார் கரிவாயுக் கருவியைச் செய்து பஸ்களில் பொருத்தினார். டயருக்கு மாற்று? அதற்கு அவர் தொடங்கியது 'ரீட்ரெடிங்' எனப்படும் தொழிற்சாலைகளை. தேய்ந்த டயரின் மேல் புதிய இரப்பர்ப் பட்டை போடும் முறை இது.

இது எவ்வாறு இயல்கிறது? டயர் என்பது இரு பொருள்களின் சேர்க்கை. உள்ளே இருப்பது நூலிழைத் துணியாலும் எஃகுக் கம்பியாலும் ஆன கூடு. பட்டறைக்காரர்கள் இதைக் 'கேசிங்' என்பர். எடையைத் தாங்குவதும் காற்றை அடக்குவதும் இக்கூடே. வெளியே சாலையைத் தொடுவது, ஓட்டுநர்கள் 'பட்டன்' என்று சொல்லும் வரிப்பள்ளங்கள் கொண்ட மேற்பட்டை. தேய்வது பட்டை மட்டுமே. கூடு நன்றாக இருந்தால் அதை ஏன் எறிய வேண்டும்? பழைய பட்டையைச் சமமாகச் சுரண்டி, இரப்பர்ப் பசை பூசி, புதுப் பட்டை சுற்றி, அச்சில் வைத்து ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் குட்இயரின் கந்தகப் பாலங்கள் பழையதையும் புதியதையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். பிற்காலத்தில், முன்னரே வார்த்த பட்டையைச் சுமார் 100 பாகையிலேயே ஒட்டும் 'கோல்டு' முறையும் வந்தது.

இதில் ஒரு நுட்பமான பாடம் உண்டு. பட்டன் முழுவதும் தேய்ந்து, உள்துணி தெரியும்வரை ஓட்டினால் கூடும் கெட்டுவிடும். பின் ரீட்ரெடிங் செய்ய முடியாது. கடைசி ஆயிரம் மைலை மிச்சப்படுத்த நினைப்பவர், டயரின் அடுத்த பிறவியையே இழக்கிறார். உரிய நேரத்தில் கழற்றுபவரே சிக்கனக்காரர்!

பலூனிலிருந்து பட்டைக்கு

1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்னும் இளைஞர் விளையாட்டுப் பலூன்கள் செய்யத் தொடங்கினார். பலூன் பைகளைத் தாமே சுமந்து கடைகளுக்குக் கொண்டுசென்று விற்றார். 1952-இல் அவர் ரீட்ரெடிங்குக்குத் தேவையான 'ட்ரெட் இரப்பர்' செய்யும் தொழிலில் இறங்கினார். அத்துறை அப்போது அந்நியப் பெரு நிறுவனங்களின் கையில் இருந்தது. 1956-க்குள் இந்திய ட்ரெட் இரப்பர் சந்தையில் பாதியை அவருடைய மெட்ராஸ் இரப்பர் பேக்டரி பிடித்தது. எம். ஆர். எஃப். என்று இன்று நாம் சொல்வது அதையே. 1961 நவம்பர் 5-ஆம் நாள், அமெரிக்க மேன்ஸ்பீல்டு நிறுவனத்தின் தொழில் ஒத்துழைப்புடன், திருவொற்றியூரில் அதன் முதல் டயர் வெளிவந்தது.

ஒரு நாட்டின் டயர்த் தொழிலுக்குப் படிக்கட்டாக அமைந்தது புது டயரன்று. பழைய டயரைப் பிழைக்கவைக்கும் பட்டை என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. பஸ்ஸும் லாரியும் வைத்திருந்த ஆயிரக்கணக்கானோரின் சிக்கனமே அத்தொழிலை வளர்த்தது. கோயம்புத்தூர் எல்ஜி நிறுவனமும் ரீட்ரெடிங் பொருள்களிலும் இயந்திரங்களிலும் பெயர் பெற்றது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் சொந்த ரீட்ரெடிங் பிரிவுகளை நடத்தி வருகின்றன. நாம் செல்லும் பஸ்ஸின் பின்சக்கரங்கள் இரண்டாவது பிறவியில் ஓடிக்கொண்டிருக்கலாம். முறையாகச் செய்திருந்தால் அதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

பஸ்ஸுக்குப் பொருந்துவது காருக்குப் பொருந்துமா?

அம்பாசடர், பியட் கார்கள் ஓடிய காலத்தில் கார் டயர்களுக்கும் ரீட்ரெடிங் செய்து ஓட்டியவர் பலர். பிறகு நிலைமை மாறியது. இதற்குக் காரணம் ரேடியல் டயர்.

பழைய வகை டயரில் நூலிழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்வாக அமையும். டயர் உருளும்போது அவை ஒன்றோடொன்று உரசிச் சூடேறும். 1946-இல் மிஷெலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற ரேடியல் முறையில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்கின்றன. அவற்றின் மேல் எஃகுக் கம்பிப் பட்டை சுற்றப்படுகிறது. பக்கச் சுவர் நன்கு வளைந்து கொடுக்கிறது. மேற்பட்டையோ தரையில் சமமாகப் படிகிறது. விளைவு: குறைந்த வெப்பம், குறைந்த எரிபொருள், நீண்ட ஆயுள், வளைவுகளில் உறுதியான பிடிப்பு. இந்தியாவில் ஜே. கே. நிறுவனம் 1977-இல் முதல் ரேடியல் டயரைத் தயாரித்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபின் சிறிய கார் பெருகியது. கார் டயர் என்றாலே ரேடியல் என்ற நிலை படிப்படியாக வந்தது.

லாரி டயரின் கூடு கனமானது, விலை மிகுந்தது, பலமுறை பட்டை போடத் தகுந்தது. சிறிய கார் டயரின் கூடோ மெல்லியது. பட்டையின் விலை, பட்டறைக் கூலி, சோதனைச் செலவு எல்லாம் சேர்ந்தால் புது டயரின் விலையை நெருங்கிவிடும். மேலும் ஒரு கார் ஆண்டுக்கு ஓடும் தொலைவு குறைவு. பட்டை தேயுமுன்பே இரப்பர் முதுமையடைந்து வெடிப்பு விடுகிறது. ஆகவே பஸ்ஸுக்குச் சிறந்த சிக்கனமாகிய ரீட்ரெடிங், இன்றைய குடும்பக் காருக்குச் சிக்கனம் அன்று. விடை மாறிவிட்டது. ஆனால் விடை காணும் முறை மாறவில்லை: விலையை மைலால் வகு, கூடு எப்படி என்று பார்!

எடுத்துக்காட்டாக, 3,000 ரூபாய் டயர் ஒன்று 30,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். கிலோமீட்டருக்குப் பத்துக் காசு. 4,000 ரூபாய் டயர் 50,000 கிலோமீட்டர் ஓடினால் எட்டுக் காசு. யாரோ கழற்றி விற்ற டயரை 1,200 ரூபாய்க்கு வாங்கி, அது 8,000 கிலோமீட்டரில் முடிந்தால் பதினைந்து காசு! மூன்றில் மிகவும் 'மலிவாக'த் தோன்றியதே மிகவும் விலை கூடியது. அந்தப் பழைய டயர் எத்தனை பள்ளத்தில் விழுந்தது, உள்ளே எந்த இழை அறுந்தது என்பதை வெளித்தோற்றம் காட்டாது. அந்த இரகசியம் கொண்டை ஊசி வளைவில் வெளிப்படக் கூடாது அல்லவா?

மலைமேல் காற்று எவ்வளவு?

மலைக்குச் செல்பவர்களிடையே ஓர் ஐயம் உண்டு. மேலே காற்றழுத்தம் குறைவு. எனவே டயர் உப்பிவிடுமா? கீழேயே காற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா?

கடல் மட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு இருக்கும் வளிமண்டல அழுத்தம், கொடைக்கானலில் ஏறத்தாழ 11.4 பவுண்டாகக் குறைகிறது. காற்று அளக்கும் கருவி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. எனவே அடிவாரத்திலிருந்து மேலே சென்றால் கருவியில் சுமார் 3 பவுண்டு கூட வேண்டும். ஆனால் அடிவாரத்தில் வெப்பம் 35 பாகை. மேலே 15 பாகை எனக் கொள்வோம். 20 பாகை குளிர்ந்தால் டயருக்குள் உள்ள காற்றின் அழுத்தம் சுமார் 3 பவுண்டு குறையும். ஒன்று கூட்டியதை மற்றொன்று கழித்துவிடுகிறது! இயற்கையே கணக்கைச் சரிசெய்து வைத்திருக்கிறது.

எனவே மலைக்கென்று தனி அழுத்தம் வேண்டா. காரின் கதவருகே உள்ள சீட்டில் குறித்துள்ள அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்பினால் போதும். முழுப் பாரத்துக்கு வேறு அளவு குறித்திருந்தால் அதைப் பின்பற்ற வேண்டும். மலையேறிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருப்பது கண்டு காற்றை இறக்கிவிடுவதே தவறு. அது குளிர்ந்தபின் காற்றுக் குறைந்த டயராகிவிடும். காற்றுக் குறைந்த டயர் மிகுதியாக வளைந்து நிமிரும், சூடேறும், ஓரங்கள் தேயும், கூடு தளரும். காற்று நிரப்புவதே டயர்ச் செலவைக் குறைக்கும் மிக மலிவான வழி.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

இனி, டயர்க் கடைக்குள் நுழைவோம். டயரின் பக்கச் சுவரே ஒரு நூல்; படிக்கத் தெரிந்தால் விற்பவரைக் கேட்க வேண்டியது குறைவு.

முதலாவது, அளவு. '145/80 ஆர் 12 74 டி' என்று இருப்பதாகக் கொள்வோம். 145 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச் சுவரின் உயரம் என்பது. 'ஆர்' ரேடியலைக் குறிக்கும். 12 என்பது சக்கர வளையத்தின் அங்குல விட்டம். 74 என்பது எடைக் குறியீடு. அது 375 கிலோவைக் குறிக்கும். 'டி' என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வேக வரம்பு. விலை குறைகிறதென்று எடைக் குறியீடு குறைந்த டயரை வாங்கக் கூடாது.

இரண்டாவது, பிறந்த நாள். நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். '1524' என்றால் 2024-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரத்தில் செய்தது. 2000-ஆம் ஆண்டு முதல் வந்த முறை இது. தள்ளுபடி விலையில் கிடைக்கும் டயர் பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்ததாயிருந்தால், தள்ளுபடி செய்யப்பட்டது விலை மட்டுமன்று, அதன் ஆயுளுந்தான். ஐந்தாண்டு ஓடிய டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். பட்டன் மிகுந்திருந்தாலும் பத்தாண்டுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, ஐ. எஸ். ஐ. முத்திரை. அது இருக்குமானால், பெயர்பெற்ற நிறுவனங்களின் விலை குறைந்த வகையை வாங்குவதில் தவறில்லை. மணிக்கு 240 கிலோமீட்டர் செல்லத்தக்க டயர், மலைப்பாதையில் முப்பதில் செல்லும் குடும்பத்துக்கு எதற்கு? அங்கே மிச்சப்படுத்தலாம்.

நான்காவது, எதைக் கழற்றுவது, எப்போது கழற்றுவது? வரிப்பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் உண்டு. பட்டன் தேய்ந்து இம்மேடுகளுக்குச் சமமானால் எஞ்சியிருப்பது 1.6 மில்லிமீட்டர், கார்களுக்குச் சட்டம் காட்டும் எல்லை அது. காய்ந்த சாலையில் மொட்டை டயர்கூட நன்றாகப் பற்றும். அதனால்தான் அது நம்மை ஏமாற்றுகிறது. மழைநாளில் டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள நீரை வெளியேற்றுபவை அந்தப் பள்ளங்களே. அவை இல்லையேல் டயர் நீர்ப்படலத்தின் மேல் வழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மலைக்குச் செல்பவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

ஐந்தாவது, இரண்டு டயர்களுக்கு மட்டுமே பணம் இருந்தால் எங்கே போடுவது? முன்னால் என்பதே பலரின் விடை. பஸ்ஸுக்கும் லாரிக்கும் அது சரி. அவற்றின் பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரட்டைச் சக்கரம் உண்டு. ஒன்று வெடித்தாலும் மற்றொன்று தாங்கும். முன்னால் தனிச் சக்கரம். எனவே புதியதை அங்கே மாட்டுவர். காரில் நான்கும் தனிச் சக்கரங்கள். ஈர வளைவில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மீளும். பின்சக்கரம் வழுக்கினாலோ வண்டியின் வால் சுழன்றுவிடும். சாதாரண ஓட்டுநரால் அதை மீட்பது அரிது. ஆகவே காருக்குப் புதிய இணையைப் பின்னால் போடுவதே பாதுகாப்பு. பஸ் ஓட்டுநரின் அறிவுரையை அப்படியே காருக்குக் கொள்ளுதல் இங்கும் பொருந்தாது. முன்னால் செல்லும் பழைய இணையும் மேற்சொன்ன எல்லைக்கு மேல் பட்டன் உள்ளதாக இருக்க வேண்டும். ஒரு சோடியில் இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

தேய்ந்த டயரின் பயணம்

கழற்றிய டயர் நம் நாட்டில் உடனே குப்பைக்குப் போவதில்லை. லாரி டயர் மாட்டு வண்டிக்குச் சென்று 'டயர் வண்டி' ஆயிற்று. அங்கிருந்து செருப்புத் தைப்பவரிடம் சென்று டயர் செருப்பாயிற்று. சைக்கிள் டயர் தெருச் சிறுவனின் கைக் குச்சிக்கு முன் உருண்டோடியது. ஒரு பொருளை அதன் கடைசி இழைவரை பயன்படுத்துவது நம் மக்களுக்குப் புதிதன்று; அது வறுமை கற்பித்த அறிவு.

ஆனால் அந்த அறிவுக்குள் ஓர் எல்லையும் இருந்தது. மாட்டு வண்டிக்குப் போன டயரை யாரும் மீண்டும் பஸ்ஸில் மாட்டவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் எந்த நிலையிலுள்ள டயர் போதும் என்று கண்டறிந்து பயன்படுத்தியதே உண்மையான சிக்கனம்.

தாம்சன் காற்றை இரப்பருக்குள் அடைத்ததும், கொடைக்கானலில் முதல் வீடு எழுந்ததும் ஒரே ஆண்டில். இன்று அவ்விரண்டையும் இணைத்து, நாள்தோறும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் மலையேறி இறங்குகின்றன. பின் இருக்கையில் குழந்தை உறங்குகிறது. அம்மா சன்னல் வழியே பள்ளத்தாக்கைப் பார்க்கிறாள். அடுத்த வளைவு வருகிறது. அந்த வளைவில் நான்கு உள்ளங்கைகள் சாலையைப் பற்ற வேண்டும். டயர் வாங்கும் நாளில் நாம் கொடுக்கும் விலை இந்தப் பிடிப்புக்கே. அதைக் குறைக்காமல் எவ்வளவு மிச்சப்படுத்த முடியுமோ, அவ்வளவே மலிவு.